முப்பத்தொன்றுக்குள்ளே

ஜூலை 5, சனி

காலையிலிருந்து காற்று. தெரு மண் முழுக்க வீட்டுக்குள். இரண்டு தடவை பெருக்கியும் காலில் நறநற.

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸில் கழித்துப் போட்டது. ஜூலையில் 12 இரண்டு தடவை வருகிறது, 13 கிடையாது. பைண்டிங் வரைக்கும் போன பிறகு கண்டுபிடித்தார்கள். புரூஃப் பார்த்தது நான் இல்லை, எனக்கு முந்தின ஆள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒன்றை எடுத்துவந்தேன். ஆறு மாசம் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாத விஷயம், அதனால் இதனிடம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிவகாசிக்கு பஸ் ஏறினேன். என்னைத் தெரியாத மெடிக்கலாகப் பார்த்து அந்த அட்டையை வாங்கினேன். திருத்தங்கலில் வாங்கியிருந்தால் எனக்கு முன்னால் செய்தி வீடு வந்து சேர்ந்திருக்கும்.

சாயங்காலம், அத்தை வேலை முடிந்து வருவதற்குள் பார்த்தேன். இரண்டு கோடு.

இரண்டாவது கோடு கொஞ்சம் மங்கல். பிரஸ் புத்தி போகுமா, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான்.

சந்தோஷம். முதலில் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அப்புறம்தான் பயம்.

ஜூலை 6, ஞாயிறு

பத்தரைக்கு போன் வந்தது. ஞாயிறு பத்தரை என்றால் செல்லையா அண்ணாச்சி கடை பூத்தில் நானும் அத்தையும் ஆஜர். அத்தை என்றால் பா.வின் அம்மா. பா. என்றால் பால்பாண்டி, என் வீட்டுக்காரர், நேவியில் இருக்கிறார். இப்போது கப்பலில் இல்லை. ஜாம்நகரில் எலெக்ட்ரிக்கல் கோர்ஸ், அடுத்த ஏப்ரல் வரை. (இதெல்லாம் யாருக்கு விளக்குகிறேன்? புரூஃப் பார்க்கிற பழக்கம், எதுவும் தெளிவாக இருந்தால்தான் மனசு ஆறும்.)

முதலில் அத்தை பேசுவார். எப்போதும் அதே மூன்று கேள்வி. "சாப்பிட்டியாலே? இளைச்சிட்டியாலே? எப்பலே வருவ?" பிறகு ரிசீவர் எனக்கு. அத்தை நகர மாட்டார். அண்ணாச்சி பருப்பு நிறுப்பார். சாமான் வாங்க வந்தவர்களும் நிற்பார்கள். இதற்கு நடுவில் புருஷனிடம் என்ன பேச முடியும்? "ம்." "சரி." "இங்கன மழை இல்ல." "நல்லாயிருக்கேன்."

அவர் சொன்னவை:

1. மறுபரீட்சை எழுதியாச்சு. போன மாசம் ஒரு பேப்பரில் போய்விட்டது. இதிலும் போனால் கோர்ஸை விட்டே அனுப்பிவிடுவார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

2. வெளியே வீடு எடுத்து என்னோடு தங்க எழுதிக்கொடுத்திருக்கிறார். அனுமதி வர செப்டம்பர் ஆகும்.

3. கூடப் படிக்கிற சேவியரின் சம்சாரம் ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரி, இந்த மாசக் கடைசியில் அங்கே போகிறாள். அனுமதி கையில் இருந்தால் நானும் அவளோடு போயிருக்கலாம்.

நான் சொல்லாதது: ஒன்றே ஒன்று.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அத்தை சாமியாடிவிடுவார். ஆலங்குளத்திலிருந்து அம்மா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவர் "அப்ப நீ அங்கனயே இரு" என்பார். அனுமதி வந்த பிறகு, போய்ச் சேர்ந்த பிறகு, முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

கணக்குப் போட்டேன். கல்யாணம் போன ஆவணியில். அப்போது இருபது நாள் இருந்தார். டிசம்பரில் பதினொன்று. மே மாசம் பத்து. ஆக நாற்பத்தொரு நாள் சேர்ந்து இருந்திருக்கிறோம். பிள்ளை பிப்ரவரியில். டிசம்பர் ஆரம்பத்தில் ஏழாம் மாசம், தாய் வீடு வந்தாக வேண்டும். ஏப்ரலில் கோர்ஸ் முடிந்தால் அவருக்குக் கப்பல். எந்த ஊர், எத்தனை மாசம் கடல், அவருக்கே தெரியாது. ஆகஸ்டில் போனால் எங்களுக்கு நாலு மாசம் கிடைக்கும். செப்டம்பர் கடைசி என்றால் இரண்டு.

எனக்கு அந்த மாசங்கள் வேண்டும். அவருக்குச் சோறு போட்டு, அவரோடு சண்டை போட்டு, யாரும் பக்கத்தில் நின்று கேட்காமல் பேச வேண்டும்.

ஜூலை 9, புதன்

தீபாவளி லேபிள் ஆர்டர் குவிகிறது. இன்று பிடித்த பிழை: 'சரவெடி' என்பது 'சாவெடி' ஆகியிருந்தது. ஐம்பதாயிரம் லேபிள் ஓட வேண்டியது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்லவேளை மாரி, பிளேட் போடல." எனக்கு ஒரு காபி வாங்கித்தந்தார். அந்தக் காபியும் வயிற்றில் நிற்கவில்லை.

மை வாடை தாங்க முடியவில்லை. மூன்று தடவை பின்பக்கம் போனேன். ரவை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாவம் ரவை.

அத்தை ஆறரைக்கு பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கினார். கம்பி மத்தாப்பு செக்‌ஷன். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் ஒட்டியிருக்கும்.

"என்னத்தா, மொகம் வாடிக் கெடக்கு?"

"வேலை அத்தை."

"சீசன்னா அப்படித்தான். ரெண்டு முட்டைய அவிச்சுத் தின்னு."

முட்டை என்ற சொல்லே போதுமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வேனில் இருந்தவர்கள் வாசலில் நின்று பேசியது: "அந்த டிரைவர் மகனை அவுட் பண்ணிட்டாகளாம்ல." "பீடியோட பிடிச்சிருக்காக. பின்ன, அவுட்தான்." கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்துவதற்கு அந்த ஒரு வார்த்தைதான்.

ஜூலை 12, சனி

எங்கே ஆரம்பிப்பது.

பிரஸ்ஸிலிருந்து ஏழு மணிக்கு மேல் வரும்போது எங்கள் வாசலில் கூட்டம். இந்த ஊரில் வாசலில் கூட்டம் என்றால் முதலில் கம்பெனி நினைப்புதான் வரும். ஓடினேன். அத்தை முழுசாக இருந்தார். நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கையில் அண்ணாச்சி கடைச் சீட்டு.

மத்தியானம் பா. பூத்துக்கு போன் பண்ணியிருக்கிறார். எங்களைக் கூப்பிட்டுவர நேரமில்லை, சேதியை மட்டும் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறார். லைன் ஒரே கரகரப்பாம். அண்ணாச்சி காதில் விழுந்ததை பில்லின் பின்பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார்:

"பால்பாண்டி அவுட் ஆர்டர் வந்தாச்சு. 31க்குள்ள. திங்கள் பேசுவான்."

"எம்புள்ளைய அவுட் பண்ணிட்டாகளே! ஒத்தப் பரீட்சைக்கு அவுட் பண்ணிட்டாகளே! முப்பத்தொண்ணுக்குள்ள பெட்டியத் தூக்கிட்டுப் போன்னு சொல்லிட்டாகளே!"

நான் அந்தச் சீட்டை நாலு தடவை படித்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. பரீட்சை போய்விட்டது, ஆளை அனுப்புகிறார்கள். திருப்பிக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. அங்கே இருக்கிற ஆபீஸ் நம்பரில் சாவு, ஆஸ்பத்திரி என்றால்தான் கூப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரி கூட்டத்துக்குப் பின்னால் நின்று, "நேவி நேவின்னு எம்புட்டுப் பேசுனாக" என்றாள். மெதுவாகச் சொல்வதாக நினைப்பு. அத்தை காதில் விழுந்துவிட்டது. நெஞ்சில் அறைந்துகொண்டார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற உடம்பு. கண் செருகியது. தண்ணீர் தெளித்தேன், அதட்டினேன், கெஞ்சினேன். எதற்கும் அடங்கவில்லை. வேறு என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அத்தை, அழாதீக. நான் முழுகாம இருக்கேன்."

அழுகை பட்டென்று நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எம்புட்டு நாளா?" "ரெண்டு மாசம் தாண்டிருச்சு." என் தலையைப் பிடித்து இழுத்து அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். அழ வந்த கூட்டம் சீனி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனது.

ஜூலை 12, இரண்டாவது
(ஊருக்கெல்லாம் இன்று 13, ஞாயிறு)

பத்தரைக்கு போன் வரவில்லை. திங்கள் என்றுதானே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் போய் நின்றோம்.

அத்தை நேற்று அழுதவரா என்று இருக்கிறது. காலையிலேயே எனக்கு மாதுளம்பழம். "போனா போகுது விடு. எம்புள்ள வீட்டோட இருப்பான். பேரப்புள்ளையத் தூக்கிட்டுத் திரிவான். போர்மேன்கிட்ட சொல்லிட்டேன், கரண்டு வேலை தெரிஞ்சவன்னு. பாக்கலாம்னு சொல்லியிருக்காரு." ஒரே நாளில் மகனுக்கு வேலையும் வாங்கியாயிற்று.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. நாலு மாசம் எதற்கு, ஆளே வரப்போகிறார். அப்புறம் போன மே மாசம் அவர் யூனிஃபார்மை எனக்குப் போட்டுக் காட்டினது ஞாபகம் வந்தது. கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் தொப்பியைச் சரி பண்ணினார். அந்த மனுஷன் மத்தாப்பு ஷெட்டில் ஒயர் இழுத்துக்கொண்டு நிற்பதா? அந்த ஷெட்டுக்குள் அவரை அனுப்பிவிட்டு நான் எப்படி பிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன்? அத்தை போவதற்கே தினமும் ஆறரை மணி வரைக்கும் ஒரு காது தெருவில்தான் இருக்கிறது.

மாதுளம்பழம் நின்றது. இந்த வாரத்தில் நின்ற ஒரே பொருள்.

ஜூலை 14, திங்கள்

பிரஸ்ஸுக்கு லீவு. அத்தையும் லீவு. காலை பத்துக்கே பூத். பன்னிரண்டேகாலுக்கு மணி அடித்தது. அத்தைதான் எடுத்தார்.

"ஏலே, அழாதலே. வீட்டுக்கு வந்திரு. கம்பெனியில சொல்லிட்டேன்."

"என்னம்மா சொல்ற? யாரு அழுதா?"

அத்தை ரிசீவரைக் காதிலிருந்து தள்ளித்தான் பிடிப்பார். அதனால் அவர் பேசுவது கடைக்கே கேட்கும்.

"உன்னைய அவுட் பண்ணிட்டாகளாம்ல?"

"அய்யோ அம்மா! லிவிங் அவுட்மா, லிவிங் அவுட்! வெளியில வீடு எடுத்துத் தங்குறதுக்குப் பேரு லிவிங் அவுட். அந்த ஆர்டர்தான் வந்தாச்சுன்னு சொன்னேன். பரீட்சையும் பாஸ். மாரி முப்பத்தொண்ணுக்குள்ள வந்து சேரணும், இல்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்திருவாக."

அண்ணாச்சி தராசை வைத்துவிட்டு வந்தார். "லிவிங்னு என்னமோ சொன்னான். தொண்டையக் கனைக்கான்னுல்லா நெனச்சேன்."

அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு வார்த்தை விடுபட்டிருப்பது என் கண்ணில் படவில்லை. அவர் எனக்கு எழுதும்போது 'வெளியே தங்க அனுமதி' என்றே எழுதுவார், இந்த இங்கிலீஷ் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன்.

சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. அத்தை மறுபடி ரிசீவரில்: "அதெல்லாம் முடியாதுலே. அவ எங்கிட்டும் வரமாட்டா. முழுகாம இருக்கா."

இப்படித்தான் என் புருஷனுக்கு விஷயம் தெரிந்தது. பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில், என் வாயால் இல்லாமல். எவ்வளவு ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். போன முதல் நாள், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு என்று. அத்தை மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பிறகு ரிசீவர் என் கையில்.

"மாரி, நெசமாவா?"

"ம்."

"நெசமாவா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு, "அப்ப வர வேண்டாம் மாரி. மூணு நாள் ரயிலு. அங்கனயே இரு. பின்னால ஆள் நிக்காக, ஞாயித்துக்கிழமை பேசுறேன்."

வைத்துவிட்டார். 31க்கு இன்னும் பதினேழு நாள்.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

அம்மா வந்துவிட்டாள். தலை ஆடி, பெண்ணை அழைத்துப்போக வரிசைத் தட்டோடு. பழம், புடவை, அதிரசம், அப்பா கொடுத்தனுப்பிய ஹார்லிக்ஸ் இரண்டு பாட்டில்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை ஆடி மாசம் பிரித்துவைப்பார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், ஆகாது என்று. எங்களைப் பிரிக்க ஆடி வேறு வர வேண்டுமா? ஒருத்தர் ஜாம்நகர், ஒருத்தி திருத்தங்கல். பிள்ளையும் ஏற்கெனவே பிப்ரவரிக்குப் பேர் கொடுத்தாயிற்று. சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஆடியில குடி போவாகளா? ஊர் சிரிக்கும். எந்திரி, கெளம்பு."

"ஆமா மதினி, கூட்டிட்டுப் போங்க" என்றார் அத்தை. கல்யாணத்தில் தாம்பூலப் பைக்கு முறைத்துக்கொண்ட சம்பந்திகள் இரண்டு பேரும் இன்றைக்கு ஒரே கட்சி.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அத்தை, நீங்க அவரை வயித்துல வச்சுக்கிட்டு எது வரைக்கும் கம்பெனிக்குப் போனீக?"

"ஒம்பதாம் மாசம் வரைக்கும்."

"வெடிமருந்துக்கு நடுவுல ஒம்பது மாசம் உக்காரலாம், நான் ரயில்ல மூணு நாள் உக்காரக் கூடாதா?"

அத்தை எழுந்தார். அடுப்படிக்குப் போய்விட்டார். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். சின்னப் பிள்ளையில் கிள்ளின அதே இடம்.

ஞாயிற்றுக்கிழமை போன் பேசாமல் எங்கும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா வரிசைத் தட்டை வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் தனியாகப் போனாள். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்.

"அவனுக்கு முன்னால ரெண்டு போச்சு தாயி. ஒண்ணு மூணு மாசத்துல, ஒண்ணு அஞ்சுல. ஒங்க மாமா ரெண்டு தடவையும் லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் போயிருந்தாக. லாரி திரும்பி வரும்போது எல்லாம் முடிஞ்சு நான் வேலைக்கே போயிட்டேன். நான் ஒண்ணும் ஒன்னையப் புருசன்கிட்ட விடக் கூடாதுன்னு சொல்லல."

எனக்கு இது தெரியாது. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டேன். ஒம்பதாம் மாசக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

ஆனால் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

விருதுநகர் லேடி டாக்டர். அத்தையும் வந்தார். இரண்டு மணி நேரம் பெஞ்சில். மின்விசிறி எங்கள் தலைக்கு மேல் மட்டும் ஓடவில்லை.

டாக்டர் எல்லாம் பார்த்தார். பத்து வாரம் முடிந்து பதினொன்று. எல்லாம் சரியாக இருக்கிறது. பன்னிரண்டு வாரம் முடிந்தால் ரயிலில் போகலாம். கீழ் பெர்த், தண்ணீர் நிறைய, பெட்டி தூக்கக் கூடாது, மாத்திரை விடக் கூடாது. போகிற ஊரிலும் நேவி ஆஸ்பத்திரி இருக்குமே என்று அவரே சொன்னார். 29ஆம் தேதிக்குப் பன்னிரண்டு முடிகிறது. இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே பரவாயில்லையாம்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அத்தையைப் பார்த்தேன்.

"டாக்டரம்மா ரயில்ல கூடவா வரப்போறாக?"

பஸ்ஸில் வழி நெடுக அதே பேச்சு. வச்சக்காரப்பட்டி வருவதற்குள் நாலு தடவை சொல்லிவிட்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

இரவு மெனு: கஞ்சி, தேங்காய்த் துவையல். கொஞ்சம் நின்றது.

ஜூலை 20, ஞாயிறு

பத்தரை போன்.

இன்றைக்கு அத்தையின் மூன்று கேள்வி இல்லை. ரிசீவரை நேராக என் கையில் கொடுத்துவிட்டார். கோபமா, விட்டுக்கொடுப்பதா தெரியவில்லை. ஆனால் ஒட்டி நின்றார்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். ஆடியைச் சொன்னேன். அத்தை முன்பு இழந்த இரண்டு பிள்ளைகளைச் சொல்லவில்லை, அது அத்தை சொல்ல வேண்டியது.

"ஆபீஸர் நாளைக்குள்ள கேக்காரு. ஆள் வருதா, இல்ல ஆர்டரைத் திருப்பிக் குடுக்கியான்னு. அம்மா சொல்றது தெரிஞ்சு போச்சு, ஒங்க அம்மா சொல்றதும் தெரிஞ்சு போச்சு. டாக்டர் சொன்னதும் கேட்டாச்சு. போன வாரம் நான் பாட்டுக்கு வராதன்னு சொல்லிட்டேன். ஒன்னையக் கேக்கவே இல்ல. நீ சொல்லு மாரி. உனக்கு என்ன வேணும்?"

கடையில் அப்போது இருந்தவர்கள்: அண்ணாச்சி, பொட்டலம் மடிக்கிற அவர் சம்சாரம், மண்ணெண்ணெய் கேனோடு இரண்டு பேர், பக்கத்து வீட்டுக்காரி, பூத்துக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருத்தர். பக்கத்தில் அத்தை. இத்தனை பேர் நடுவில் நான் எப்போதும் சொல்வது "ம்", "சரி".

"மாரி? லைன்ல இருக்கியா?"

"எனக்கு நீங்க வேணும்."

நிதானமாகத்தான் சொன்னேன். கடை முழுக்கக் கேட்டுவிட்டது. அண்ணாச்சி கையில் தராசு அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது வரைக்கும் சூடு. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "வா. ஸ்டெல்லாவோட வா. மெதுவா வா."

வீட்டுக்கு நடந்தோம். அத்தை முன்னால், நான் பின்னால். திட்டு விழும் என்று தயாராகத்தான் இருந்தேன். குழாயடி தாண்டி நின்றார்.

"எம்புள்ளையா அப்படிக் கேட்டான்?"

"எப்படி அத்தை?"

"உனக்கு என்ன வேணும்னு."

"ஆமா அத்தை."

"நெசமாத்தான் கேட்டான், இல்ல? எங் காதுல சரியாத்தான் விழுந்துச்சு?"

"சரியாத்தான் விழுந்துச்சு."

கொஞ்ச தூரம் நடந்தார். "என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல தாயி. அப்பனும் கேக்கல, கட்டுனவரும் கேக்கல. கம்பெனியில மட்டும் கேப்பாக, ஓவர்டைம் வேணுமா வேண்டாமான்னு."

போகலாம் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பரணில் இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

ஜூலை 22, செவ்வாய்

டிக்கெட் போட்டாச்சு. 26 சாயங்காலம் விருதுநகரில் ஏற வேண்டும். ஸ்டெல்லா தூத்துக்குடியிலிருந்து அதே வண்டியில் வருகிறாள். சென்னையில் மாறி அகமதாபாத், அங்கே மாறி ஜாம்நகர். 29 ராத்திரி அல்லது 30 காலை.

ஸ்டெல்லா பூத்துக்கு போன் பண்ணிப் பேசினாள். இதுவரை பார்த்ததில்லை. ஒரே படபடப் பேச்சு. ஏற்கெனவே ஒரு தடவை போய் வந்தவள்.

"புளி கொண்டு வாங்க. அங்க நம்ம புளி கிடைக்காது. மல்லிப்பொடி, அரிசி அப்பளம், இட்லித் தட்டு. பெட்டி கட்டும்போது பாத்துக்கோங்க, உங்க ஊர்க்காரங்க எல்லாத்தையும் பட்டாசுப் பெட்டியிலதான் கட்டுவீங்க. போன தடவை உங்க ஊர் ஆள் ஒருத்தரு சாமானைப் பட்டாசுப் பெட்டியில கட்டிக்கொண்டாந்து, ரயில்வே போலீஸ் ஒண்ணொண்ணாப் பிரிச்சு பிளாட்பாரத்துல பரப்பிட்டாங்க. உள்ள இருந்தது முறுக்கு."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தை இரண்டு பட்டாசுப் பெட்டியில் சாமானைக் கட்டி, கயிறு போட்டு முடித்திருந்தார். மேலே பெரிசாகச் சரவெடிப் படம், சிவப்பில். அண்ணாச்சி கடையில் பிஸ்கட் பெட்டி கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றினோம். அவர் சீட்டு எழுதின பாவத்துக்கு இரண்டு பெட்டி சும்மா கொடுத்தார்.

எடுத்துப் போவது: குக்கர். இட்லித் தட்டு. புளி. வத்தல். இரண்டு போர்வை. அவர் பழைய சட்டை, வீட்டில் துடைக்க. கல்யாணப் போட்டோ ஒன்று. மாத்திரை. டாக்டர் சீட்டு. கல்யாணப் பதிவுப் பத்திரம், நகல் மூன்று.

பிரஸ்ஸில் சொல்லிவிட்டேன். முதலாளி, "சீசன்ல விட்டுட்டுப் போறியே" என்றார். பிறகு, "பிறந்த பிறகு வா, இடம் இருக்கும்" என்றார். வருவேனா தெரியவில்லை.

அப்பா வந்தார். அம்மா வரவில்லை. ஆனால் சேதி அனுப்பியிருக்கிறாள்: ஏழாம் மாசம் வேறு எங்கும் நிற்காமல் நேராக ஆலங்குளம். கூடவே ஹார்லிக்ஸ், இன்னும் இரண்டு பாட்டில். அம்மா கோபம் பாட்டில் கணக்கில் குறைகிறது.

ஜூலை 25, வெள்ளி

லேசான தூறல், உடனே நின்றுவிட்டது. மண் வாசனைக்கும் குமட்டியது.

ஜாம்நகரில் வீடு பிடித்துவிட்டாராம். ஒரு ரூம், ஒரு அடுப்படி. கட்டில் இல்லை. மாடி, பதினாறு படி, எண்ணிப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரம்மா குஜராத்தி, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. நான் பா.விடம் என்ன பேசினாலும் பக்கத்தில் ஒருத்தருக்கும் புரியாது. நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பயமும் இருக்கிறது. ராத்திரி வலித்தால் அந்த ஊரில் யாரைக் கூப்பிடுவேன், எந்தப் பாஷையில் கூப்பிடுவேன். அவர் டியூட்டியில் இருந்தால் என்ன செய்வேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டிக்கெட்டைக் கிழித்துவிடுவார்கள்.

அத்தை இன்று வேலை விட்டு வந்ததிலிருந்து உட்காரவில்லை. எலுமிச்சை நாலு, ரயிலில் குமட்டினால் முகர. பழந்துணி ஒரு மூட்டை, எதற்கு என்று கேட்டால் "இருக்கட்டும்". சுக்கு தட்டி ஒரு டப்பா. "மேல ஏறி எதையும் எடுக்காத. அவனை எடுக்கச் சொல்லு. அவன் பேச்சு மட்டும் கேக்கான், வேலை செய்யிறானான்னு பாரு."

நாளைக்கு ஸ்டேஷனுக்கு அப்பா மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். வேன் வருவதே ஆறரை, அதற்குப் பிறகு அத்தை விருதுநகர் வந்து சேர முடியாது. சீசன் நேரம், சனிக்கிழமை லோடு ஏற்றுகிற நாள். லீவு எடுத்தால் அடுத்த வாரம் பூராவும் போர்மேன் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பார். முப்பது வருஷ சர்வீஸில் லோடு நாளில் அத்தை லீவு போட்டதே இல்லை, மாமா இறந்துபோன வாரம் தவிர.

சாப்பிட உட்காரும்போது சொன்னார், நாளைக்கு லீவு சொல்லிவிட்டாராம்.

"போர்மேன் கத்துவாரே அத்தை."

"கத்தட்டும். எனக்கு ஸ்டேசனுக்கு வரணும்னு இருக்கு."